நாலு மூட்டைக்கு இடம் இருக்கு

எனக்கு ஒரு வியாதி. யாராவது "வாடா, ஜாலியா ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றால், எங்கே என்று கேட்பதற்குள் வண்டிச் சாவி கையில் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். டேனியும் சக்திவேலும் காலை எட்டு மணிக்கு வந்து நின்றார்கள். எங்கள் மலை ஊரான வில்பட்டியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவர்கள்.

"மரியசெல்வம் அண்ணன் ஷெட்ல பூண்டு கெடக்குடா. அவரு வீட்டாளுக எல்லாம் நாயுடுபுரத்துல கல்யாணத்துக்குப் போயிட்டாக. சாவியக் குடுத்து நம்மளையே சந்தைக்கு எறக்கச் சொன்னாரு. வெரசா கெளம்பு" என்றான் டேனி.

என் பிக்கப்புக்கு அதுதான் கடைசி லோடு என்று வைத்திருந்தேன். அடுத்த வாரம் முதல் மிஷன் பள்ளியில் பஸ் டிரைவர் வேலை. பி.எஃப். உண்டு, என் பிள்ளைக்கு அங்கேயே படிப்பு. போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்று மட்டும்தான் பாக்கி. என் மனைவி கண்மணி அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இருபது மூட்டையை அவர்கள் இருவரும் தூக்கிப் போட்டார்கள். என்னை ஷெட் பக்கமே விடவில்லை, இன்ஜினை ஓடவிட்டபடியே உட்காரச் சொன்னார்கள். நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி அருவி வளைவில் டேனி கால் நீட்டியபோது எதுவோ உருண்டு என் செருப்பில் முட்டியது. பார்த்தால் பூட்டு. வளையம் அறுபட்டுக் கிடந்தது.

"சாவி குடுத்தாருன்ன?"

டேனி சிரித்தான். சக்திவேலும் சிரித்தான். என்ன சொல்ல, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பேரிக்காய் திருடி ஓடிய நாள் போல இருந்தது. வழியில் பெருமாள்மலையில் நிறுத்தியிருக்கலாம். திரும்பியிருக்கலாம். நான் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தேன்.

பாதி மலை இறங்கியதும் ஊத்து என்ற ஊரில் டீக்கு நிறுத்தினோம். அங்கேதான் என் கை என்னைக் கவிழ்த்தது. எங்கள் மலையில் லோடு வண்டிக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. கீழே இறங்கும் வண்டியில் இடம் மீந்தால் அதில் போட்டே ஆக வேண்டும். போடாதவனைக் கஞ்சன் என்பார்கள். ஒன்பது வருடப் பழக்கம். ஒரு கையில் டீ, மறு கை தானாகத் தட்டியது: 'வில்பட்டி பூண்டு வடுகப்பட்டி சந்தைக்கு இறங்குது. இப்போ ஊத்து. நாலு மூட்டைக்கு இடம் இருக்கு.'

டீ முடிவதற்குள் போன் அடித்தது. திரையில் மரியசெல்வம் அண்ணன். பின்னால் கல்யாண மேளம் கேட்டது.

"பழனிக்குமாரு, குரூப்ல போட்டிருந்தியே, நம்மூர்ல இன்னைக்கு யாருப்பா பூண்டு எறக்குறது? வெலை வெவரம் கேக்கலாம்னு பாத்தேன்."

என் வாயில் வந்த முதல் பெயர், "டேனிங்கண்ணே."

"டேனிக்கு ஏதுப்பா பூண்டு?"

 மேளம் சட்டென்று நின்றது. போனை வைத்துவிட்டார்.

"ஏலே, உனக்கு மூளை இருக்கா?" என்று டேனி கத்தினான். ஊத்தைத் தாண்டினால் விலக வேறு ரோடு கிடையாது, அவர் போலீசுக்குச் சொல்வதற்குள் கீழே இறங்கியாக வேண்டும். விட்டேன் பாருங்கள் வண்டியை. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் மூட்டைகள் இடமும் வலமும் ஆடின, சக்திவேல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டான், எதிரே வந்த பஸ்ஸை ஒரு முழ இடைவெளியில் தாண்டினேன். அப்படி ஒரு ஓட்டு என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. முகமெல்லாம் சிரிப்பு. மலையடிவாரச் செக்போஸ்டில் தடுப்பு இறங்கியிருந்தது. நாலு போலீஸ்காரர்கள் என் வண்டி நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. இராமலிங்கம் முன்னால் நின்று சொன்னேன்: "சார், நான் ஷெட்டுக்குள்ள காலே வைக்கலீங்க. வண்டி மட்டும்தான் ஓட்டுனேன்."

"அப்ப இருபது மூட்டையும் தானா நடந்தா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எழுதினார். மூன்று பேருக்கும் ஒரே சட்டப் பிரிவு. பூட்டை உடைத்தவனுக்கு என்னவோ அதேதான் ஓட்டியவனுக்கும்.

பதினோரு நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. மரியசெல்வம் அண்ணன் நல்ல மனிதர். பூண்டு வந்துவிட்டது, பழனியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வக்கீலிடமே வந்து கேட்டார். பூட்டை உடைத்த திருட்டு, நீங்கள் மன்னித்தாலும் வழக்கு நிற்கும் என்றார் வக்கீல். பள்ளியில் வேறு டிரைவரைப் போட்டுவிட்டார்கள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்மணி பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். செக்போஸ்டைத் தாண்டியதும் கேட்டாள்.

"பூட்டப் பாத்ததுக்கு அப்புறம் எம்புட்டு நேரம் ஓட்டுனீங்க?"

"ஒன்றரை மணி நேரம் இருக்கும்."

"அம்புட்டு நேரமும் என்ன நெனச்சீங்க? என்னய, பிள்ளைய, அந்த வேலைய?"

பயந்துபோய் ஓட்டினேன் என்றுதான் எஸ்.ஐ.யிடம் சொல்லியிருந்தேன். வக்கீலிடமும் அதையே சொன்னேன். இவளிடம் முடியவில்லை.

"எதையும் நெனைக்கல. சந்தோசமா இருந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.