மாடி அறையில் நேரலை

பேய் பிடிக்க வருகிறோம் என்று சேலத்திலிருந்து போன் வந்த அன்றைக்கு ஜெயம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பயம் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷமாக எதற்குக் காத்துக் கிடந்தாளோ, அது தானாகவே வாசலுக்கு வந்துவிட்டது.

கல்வராயன் மலையடிவாரத்துக் கருங்காலிப்பட்டில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே நிற்கும் பழைய பங்களாவைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. நூறு வருஷம் தாண்டிய வீடு. சொந்தக்காரன் இளவரசன் கள்ளக்குறிச்சியில் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். பங்களாவில் பேய் உலாவுகிறது என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேயின் பேர் நிர்மலா. ஜெயம்மாளின் கூடப்பிறந்த அக்கா.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாசத்து நடுப்பகலில், அங்கே வேலைக்குப் போன நிர்மலாவை மாடி அறையிலிருந்து பிணமாகத்தான் இறக்கினார்கள். வயது பத்தொன்பது. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று இளவரசனும் அவன் அப்பாவும் சொன்னார்கள். எவனோடோ பழக்கம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த அவமானத்திலேயே அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒரு வருஷம் முடிவதற்குள் ஊர் நிர்மலாவைப் பேயாக்கிவிட்டது. வழியில் போகிற ஆம்பளையை மயக்குகிறாளாம். உயிரோடு இருந்தபோது தலைநிமிர்ந்து ஒருத்தனைப் பார்த்தவள் இல்லை அவள்.

இளவரசனின் அப்பா செத்த பிறகு ஜெயம்மாள் தானாகவே போய் வேலை கேட்டாள். பேய் வீட்டைப் பெருக்க வேறு ஆள் கிடைக்காமல் இருந்த நேரம். “தங்கச்சிய பேய் ஒண்ணும் பண்ணாது” என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தான் இளவரசன்.

முதல் வாரத்திலேயே மாடி அறைக் கதவைத் துடைக்கும்போது அதைப் பார்த்தாள். பார்த்ததும் துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னாள். “கதவ அப்பறமா மாத்தியிருப்பாங்க, போம்மா” என்றார் அங்கே இருந்தவர். அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. கதவை மாற்றவில்லை என்று இளவரசன் வாயாலேயே வரவேண்டும். நாலு பேர் காதில் விழ வரவேண்டும்.

ஆகவே போனில் பேசிய யூடியூப்காரன் ஜுல்பிகரிடம் அவள் தெளிவாகச் சொன்னாள்: “ராத்திரில ஒண்ணும் இல்ல தம்பி. நடுப்பகல்ல தான் எங்கக்கா செத்தா, அப்ப வாங்க. அய்யாவையும் கூட வெச்சிக்குங்க. வூட்டப் பத்தி அவரு சொன்னா தான் எடுபடும்.”

பங்களாவை ரிசார்ட்காரர்களுக்குக் கைமாற்றப் பேசிக்கொண்டிருந்த இளவரசனுக்கு இந்த விளம்பரம் கசக்குமா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

ஜுல்பிகர், பேய் வந்தால் விளக்கு மினுங்கும் ஒரு கருவியைக் கையில் பிடித்திருந்தான். அவனோடு வந்த தனுஷா கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். நேரலையில் முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பூரா பர்மா தேக்கு” என்று மாடிக்கு வந்ததும் இளவரசன் கதவைத் தட்டிக் காட்டினான். “எங்க தாத்தா காலத்துல போட்டது. ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஒரு பலக கூட இதுவரிக்கும் மாத்தனதில்ல. மாத்த வுட மாட்டேன்.”

“இந்த மாடிக் கதவுமாங்க?” என்றாள் ஜெயம்மாள், துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே.

“எல்லாந்தான். ஒரு ஆணி கூட மாத்தல.”

“அந்தப் பொண்ணு எப்படி இறந்தாங்க சார்?” என்று கேட்டான் ஜுல்பிகர்.

“லவ் மேட்டர். உள்ள தாழ் போட்டுக்கினா. எவ்ளோ தட்டியும் தொறக்கல. நானும் எங்கப்பாவும் தான் தோள குடுத்து மோதித் தொறந்தோம்.”

ஜெயம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜுல்பிகர் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, எங்கக்கா மாதிரியே ஒண்டியா உள்ள போயி தாழ் போட்டுக்கினு ஒக்காருங்க. அப்ப தான் வருவா.”

ஜுல்பிகர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். சாத்தியதுமே கதவு மெல்லத் திறந்துகொண்டது. மறுபடியும் சாத்தினான். கையால் மேலும் கீழும் தடவிப் பார்த்தான்.

“அக்கா, உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லியே?”

“நல்லா பாருங்க. கழட்டன எடமாவது இருக்கா? ஆணி அடிச்ச ஓட்ட இருக்கா?”

தனுஷா கேமராவைக் கதவின் உள்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். வழவழவென்ற தேக்கு. ஒரு கீறல் இல்லை, ஒரு துளை இல்லை. வெளிப்பக்கம் மட்டும் கை மொத்தத்துக்கு ஒரு இரும்புத் தாழ்.

“இது சாமான் போட்டு வெக்க கட்டன ரூம்பு” என்றாள் ஜெயம்மாள், கேமராவைப் பார்த்து. “சாமான் உள்ள இருந்துக்கினு தாழ் போட்டுக்காது. எங்கக்காவும் போட்டுக்கல. வெளிய இருந்து போட்டவன் இவன்.”

இளவரசனின் முகம் கறுத்தது. கேமராவை மறந்துபோய் ஒரே பாய்ச்சலில் வந்து அவளை அறைந்தான்.

“நன்றி கெட்ட நாயே! அன்னிக்கே அவளோட சேத்து உன்னையும் தொங்க வுட்டிருக்கணும்டி!”

சொல்லி முடித்த பிறகுதான் தனுஷாவின் பக்கம் திரும்பினான். அவள் கேமராவை இறக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வழிய, ஜெயம்மாள் சிரித்தாள். தானே எதிர்பார்க்காத சிரிப்பு அது. அடக்கவும் முடியவில்லை.

ராவோடு ராவாக அந்த வீடியோ ஜில்லா பூராவும் போனது. பழைய வழக்கு மறுபடியும் திறந்தது. நாலாம் நாள் சின்னசேலத்தில் ரயிலேறப் போன இளவரசனைப் பிடித்தார்கள். ரிசார்ட்காரர்கள் போனை எடுக்கவே இல்லை.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் அவன் பெண்டாட்டி அமிர்தம் ஜெயம்மாளின் வாசலுக்கு வந்தாள். கழுத்தில் கயிறு மட்டும்தான்; நகையெல்லாம் வக்கீலுக்குப் போயிருந்தது.

“அபிநயா கல்யாணம் நின்னு போச்சி ஜெயம்மா. பொண்ணு பெத்த பாவத்துக்கு வந்து நிக்கறேன். கதவ நடுவுல ஒருதபா மாத்தனாங்கன்னு கோர்ட்டுல சொல்லிடு. அது போதும்.”

அபிநயாவை நினைத்தபோது ஜெயம்மாளுக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. கோயில் திருவிழாவில் தனக்கு வளையல் கொடுத்த பிள்ளை. அந்த இரக்கத்தை மனசுக்குள்ளேயே போட்டு மிதித்தாள்.

“உங்க பொண்ணு உசுரோட இருக்குது. இன்னொரு மாப்பிள்ள வருவான்.”

“ஒரு வார்த்த தானே?”

“எங்கக்காவையும் ஒரு வார்த்தையில தாங்க கெட்டவளாக்கனாங்க.”

அமிர்தம் காலில் விழக் குனிந்தாள். ஜெயம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். ஆறுதல் வரும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வரவில்லை. பசிதான் இன்னும் கூடியிருந்தது. தண்டனையை இளவரசன் காதால் கேட்கும்போது முகம் எப்படிப் போகும் என்று பார்த்தாகவேண்டும்.

“தண்ணி குடிச்சிட்டுப் போங்க. எனக்கு இன்னிக்கி கோர்ட்டுல மாஜிஸ்ட்ரேட்டுக்கிட்ட வாக்குமூலம்” என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சங்கராபுரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.