நீண்டொலித்த இகரம்

மேலைக் குன்றுகளின் பின்னே கதிரவன் தாழ, ஆற்றின் இருமருங்கும் படர்ந்த நகரம் விளக்குகளை ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொள்ள, தொடர்வண்டி நிலையத்தின் நீண்ட மேடைகளில் வீடு திரும்பும் மக்கள்திரள் நுரைபோலப் பொங்கியும் வடிந்தும் அலைந்த அந்திப்பொழுது அது. நிலையத்துக்கு அப்பால் மேட்டுநிலத்தில் எழுந்து நின்ற பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகள் எல்லாம் அடங்கிய பின்னும், கீழ்த்தளப் பணிமனை மட்டும் தேனடைபோல இரைந்துகொண்டிருந்தது. மரத்தூளின் மணமும் பற்றவைப்பின் புகையும் கமழும் அவ்விடத்தே, எத்துறை மாணவரும் எக்கருவியையும் எடுக்கலாம், எதையும் பிரிக்கலாம், தோற்கலாம். விடை தெரிந்த வினாவோடு மட்டும் வரலாகாது என்பதே அதை நிறுவிய பேராசிரியை வகுத்த விதி.

கல்விநலம் மிக்க அன்பரே, அப்பணிமனையின் மூலையில், ஒலிபெருக்கியில் செவியைப் பொருத்தியவளாய் அமர்ந்திருந்த மெலிந்த பெண்ணைக் காண்பீராக. குருவி என்பது இல்லத்தார் அவளுக்கு இட்ட செல்லப்பெயர். அவள் தந்தையோ அந்நிலையத்தில் வண்டிகளின் வரவையும் புறப்பாட்டையும் நெடுங்காலம் அறிவித்தவர். ஆரவாரத்தின் மேல் நெய்போல வழுக்கிச் செல்லும் அக்குரலைக் கேட்டு நடையை விரைவுபடுத்தாத பயணியர் இலர். அத்தகைய தொண்டையில் புற்று வேரூன்றிற்று. உயிரைக் காக்கும்பொருட்டு மருத்துவர் குரல்வளையை அகற்றினர். அன்றுமுதல் அவ்வீட்டில் கதவுகள்கூட மெல்லவே சாத்தப்பட்டன.

கடையில் வாங்கிய பேசுங்கருவியை அவர் ஒருமுறை கேட்டு ஒதுக்கிவிட்டார்; அதில் பேசியவன் யாரோ ஒருவன். ஆகவே மகள், நிலையத்தில் எஞ்சியிருந்த தந்தையின் பழைய ஒலிப்பதிவுகளை இரந்து பெற்று, அமர்ந்த இடம்விட்டு அசையாமையால் ஆணி எனப் பெயர்பெற்ற தோழனைத் துணைசேர்த்துக்கொண்டு, அக்குரலாலேயே ஒரு கருவி செய்யத் துணிந்தாள்.

செய்தும் முடித்தாள். தொடர்களைப் பொத்தான்களில் அடக்கிய அப்பெட்டியைத் தந்தை மடியில் வைத்துக்கொண்ட முதல்நாளே, உணவு கொண்டுவரத் தாழ்த்த மனைவியை நோக்கி ஒன்றை அழுத்தினார். “சற்றுத் தாமதமாக வந்து சேரும்” என்று கூடம் முழுதும் முழங்கிற்று. கரண்டியும் கையுமாய் ஓடிவந்த தாய், “குசும்பு மட்டும் கொஞ்சமும் குறையல!” என்று சிரித்தாள், சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆயினும், ஆயிரம் ஊர்களை அழைத்த அப்பதிவுகளில் மகளின் பெயர் ஓரிடத்தும் இல்லை. ஓர் ஊர்ப்பெயரின் தலையைக் கொய்தும் மற்றோர் ஊர்ப்பெயரின் வாலை ஒட்டியும் ‘குருவி’ என்னும் சொல்லை இருவரும் சமைத்தனர். தட்டியதும் அது ஒலித்தது. அவள் முகம் வாடிற்று.

“குரல் அப்பாவோடதுதான். ஆனா மூணாவது பிளாட்ஃபார்முக்கு ட்ரெயினைக் கூப்பிடற மாதிரி இருக்கு” என்றாள்.

“சரி, அவரு எப்படித்தான் கூப்பிடுவாரு?” என்றான் ஆணி.

அவள் அழைத்துக் காட்ட முயன்றாள். சினந்தால் வெடுக்கென நறுக்குவார். பசித்தால் நடுவே அழுத்துவார். காரணமின்றி அழைக்கையில் கடை இகரத்தை முற்றத்தைக் கடக்கும் அளவுக்கு நீட்டுவார்.

கேட்டுக்கொண்டிருந்த தோழன், “ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரின்னா, அதை நாம ஏன் முடிவு பண்ணணும்? இழுக்கறதை அவர் கையிலேயே குடுத்துடுவோம்” என்றான்.

சொல்லைச் செப்பனிடுவதிலேயே மூழ்கியிருந்த இருவரும் அதன்பின் விரலைப் பற்றிச் சிந்திக்கலாயினர். கட்டைவிரல் அசைவுக்கு ஏற்ப ஒலியை நீட்டவும் குறுக்கவும் வல்ல குமிழொன்றை வனைந்தனர். முதற்குமிழ் கீச்சிட்டது, அடுத்தது தும்மிற்று, பிறகு செய்த ஒன்று புகைந்தே போயிற்று. பக்கத்து மேசை மாணவர் கிண்டல் செய்தனர். செய்தவரே சுருள்வில்லும் கொடுத்து உதவினர்.

வீட்டில் தந்தையின் விரல் முதலில் வழுக்கவே, ‘குருவி’ என்னும் அழைப்பு ஆடாய்க் கத்திற்று. தாயும் மகளும் அவரும் சிரித்தனர், அவர் சிரிப்பில் மட்டும் ஓசையில்லை. அவர் பழகட்டும் என்று விட்டு, மகள் அடுக்களையில் பாத்திரம் கழுவச் சென்றாள். நீர் விழும் ஓசையினூடே, “குருவீ…” என்று, காரணமற்ற அழைப்பொன்று முற்றம் கடந்து வந்தது.

“வர்றேன்ப்பா!” என்று அவள் வாய் தானே விடையிறுத்தது. அழைத்தது பெட்டி என்பது பிறகே நினைவு வந்தது. ஈரக்கையோடு கூடத்து வாயிற்படியில் நின்றாள். உள்ளே செல்லவில்லை, ஏனெனில் சென்றால் பெட்டியைக் காண நேரும்.

மனைவியையும் அழைக்க எண்ணி அவர் பொத்தானைத் தேடுகையில், தாய் அவர் கைமேல் கை வைத்தாள். “எனக்கு அது வேண்டாங்க. நீங்க சும்மா வாயசைங்க, நான் பாத்துக்கறேன்.”

அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாரோ, மகள் அறியாள். தாய் எழுந்து சன்னலைச் சாத்திவந்து அவரருகே நெருங்கி அமர்ந்தாள்.

கூர்த்த மதியும் சலியா உழைப்பும் கூடி ஆக்கும் புதுமைகள் பலவாயினும், போனதை முழுதும் மீட்டுத் தருவது ஒன்றுமில்லை, அன்பரே. அவை ஏக்கத்தின் கரையோரம் ஓரடி நடக்கப் பாதை அமைக்கும், அவ்வளவே. மறுநாள் பணிமனை திறக்குமுன்பே அதன் வாயிலில் காத்துநின்ற அப்பெண்ணின் நெஞ்சில், ஓசையின்றி அசைந்த இரண்டு உதடுகளே விடையறியா வினாவாய் நிறைந்திருந்தன.