வெயில் நாளில் வாங்கிய சம்மதம்

மழை விட்ட அன்று காலையில் ஆபீஸ் ஜன்னல் திரைகளை மேனேஜரே இழுத்துத் திறந்தார். "வெயில் வந்தாச்சு. எல்லாரும் ஹெட்செட்டை மாட்டுங்க. இன்னைக்கு விட்டா அப்புறம் பிடிக்க முடியாது" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பங்குகளை வாங்கச் சொல்லி போனில் பேசும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு அவளே கண்டுகொண்டாள். வானம் மூடிக் கிடந்தால் மறுமுனையில் எல்லாக் குரலிலும் சந்தேகம் ஏறிவிடும். கையில் இருப்பதையும் விற்றுவிடச் சொல்வார்கள். வெயிலடித்தால் அதே ஆட்கள் அதே பங்கை, பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுப்பதுபோல் கலகலப்பாக வாங்குவார்கள்.

மாதக் கடைசி. டார்கெட்டை எட்ட அவளுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். மழை நாட்களில் "வேணாம்டி, எனக்கு அதெல்லாம் புரியாது" என்று தட்டிக் கழித்த சித்தியின் எண்ணை அழுத்தினாள்.

சித்தி மொட்டைமாடியில் இருந்தாள். ஈரத்துணி உதறும் சத்தம் கேட்டது. "எத்தனை நாளைக்கப்புறம் வெயில் பாருடி! முதுகுல படும்போது எவ்ளோ சுகமா இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கேட்டாள்.

"சரி, நீ சொல்ற. போட்டுடு."

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது சித்தி கைக்கு வந்ததில் பாதி, ஒரு சின்ன மருந்துக் கம்பெனியின் பங்குக்குப் போனது. அன்று சாயங்காலம் மேனேஜர் எல்லோரையும் அவளுக்குக் கைதட்டச் சொன்னார்.

சந்தை சரிந்தபோது அந்தக் கம்பெனிதான் முதலில் விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. சித்தி போன் செய்யவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். "வெயிலைப் பார்த்துத்தான், சித்தி, அன்னைக்கு உனக்குப் போன் பண்ணேன்." பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் சித்தி முந்திக்கொண்டாள். "உன்கிட்ட பேசவே கூச்சமா இருந்துச்சுடி. வேணாம் வேணாம்னு சொன்னவதானே நான்? அன்னைக்கு என்னவோ மனசு லேசா இருந்துச்சு, பேராசைப்பட்டுட்டேன். என்னால உனக்கு ஆபீஸ்ல கெட்ட பேரு ஒண்ணும் வந்துடலையே?"

அவள் முகம் எரிந்தது. "இல்ல சித்தி" என்று மட்டும் வந்தது.

"அப்பாடா" என்று சித்தி டீ போட உள்ளே போனாள்.

அவள் உட்காரப் பிடிக்காமல் நின்றாள். கதவோரத்தில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு, நர்ஸுகள் டியூட்டிக்குப் போடுவது. அவள் அதைப் பார்த்திருப்பாள் என்று தெரிந்தோ என்னவோ, உள்ளிருந்து குரல் வந்தது. "பக்கத்து கிளினிக்ல கூப்பிட்டாங்க. எனக்கும் வீட்ல சும்மா இருந்தா போரடிக்குது."

குனிந்து ஒன்றைக் கையிலெடுத்தாள். குதிகால் படும் இடத்தில் பஞ்சை மடித்து வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பஞ்சு அதற்குள்ளாகவே அமுங்கித் தட்டையாகியிருந்தது.