மூணாம் ஓலை

என் பெண்டாட்டியின் தம்பி தொபியாஸ் கோயில் வாசலில் வைத்து என் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினான். காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கிதான். ஆனால் அவன் அதைப் பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால் ஏதோ எல்லையில் காவல் நிற்கிறவன் என்றுதான் நினைப்பீர்கள். கோயில் கமிட்டிச் செயலாளர் என்ற பதவியில் அவன் அதுவரை செய்த ஒரே காரியம், திருவிழா நோட்டீஸில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டதுதான். கொரோனா வந்துதான் பாவிக்கு ஒரு வேலை கிடைத்தது. அரசாங்கம் கோயில்களைத் திறக்கலாம் என்று சொன்ன மறுநாளே தரை முழுக்க மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டுவிட்டான். ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். வட்டத்தைத் தாண்டி ஒரு சேலைத் தலைப்பு வெளியே கிடந்தாலும் அங்கே போய் நின்று தொண்டையைச் செருமுவான். செருமுகிற உரிமை அவனுக்கு மட்டும்தான்.

கோயில் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் துப்பாக்கி ஊரையே சுட்டுத் தள்ளியது. கரையில் வேலையை முடித்துவிட்டு உச்சி வெயிலில் மணலில் நடந்து வருகிறவன் நெற்றி சுடாமல் என்ன செய்யும்? அத்தனை பேருக்கும் காய்ச்சல் என்று காட்டியது. ஆண்களில் பாதிப் பேர் வேப்பமரத்தடியில் நின்றே பூசை கண்டார்கள். அதற்கடுத்த வாரம் ஊர் தெளிந்துவிட்டது. மீன் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, வழி நெடுக நெற்றியில் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். எல்லாரும் சுகவாசிகள் ஆகிவிட்டார்கள். இன்றைக்கு நான் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"மச்சான், சூடே இல்ல, 'லோ'ன்னு காட்டுது."

"லோன்னா நல்லதுதானடா மாப்ள?"

"என்னத்த நல்லது? பொணத்துக்குத்தான் இப்பிடிக் காட்டும்."

"ஏலே, இம்புட்டு நேரம் ஒங்கிட்டப் பேசுறது பொணமாலே?"

அவன் என் நெற்றிக்கு அருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தான். சூடை மீன் வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. முறைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சான், உள்ள ஒரே ஒரு இருமல் கேட்டுச்சு, ரெண்டு வாரம் கோயிலப் பூட்டிருவேன். கமிட்டி முடிவு. அக்கா புருசன்னெல்லாம் பாக்கமாட்டேன்" என்றான்.

அவன் அதை என்னிடம் மட்டும் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் இருமல் ஊர் அறிந்த இருமல். பீடி கொடுத்தது பாதி, கருவாட்டுத் தூசி கொடுத்தது மீதி. விடியாத இருட்டில் கடலில் நான் இருமினால் பக்கத்துப் படகுக்காரன் "யாரு, சந்தியாகா?" என்று கேட்பான். அப்படி மரியாதையோடு இருந்த இருமல்தான் இந்தச் சீக்கு வந்த பிறகு களவாணிப் பொருள் மாதிரி ஆகிவிட்டது. நானும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை என்று காகிதம் கொடுத்தார்கள். இருமலைக் கேட்கிறவன் காதுக்குக் காகிதம் தெரியுமா? ஊரையும் குறை சொல்ல முடியாது. ஆனி மாசம் ஐஸ் கம்பெனி சூசையை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது கட்டியிருந்த பிளாஸ்டிக்கை அவிழ்க்க விடவில்லை. பெற்ற தாய்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பயம் எனக்கும்தான் இருந்தது.

ஆனாலும் அன்றைக்கு நான் கோயிலுக்குள் போயே ஆகவேண்டும். என் மகள் சிநேகாவுக்கு மூணாம் ஓலை. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசித்து, இதற்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று சனத்தைக் கேட்கவேண்டும். அதைத்தான் ஓலை என்போம். கோயில் பூட்டியிருந்தபோது ஃபாதர் முதல் ஓலையை வாட்ஸ்அப்பில் வாசித்து அனுப்பினார். மாப்பிள்ளையின் அம்மா ஆரோக்கியம், "போன்ல ஓலை வாசிச்சா தாலியையும் போன்லயே கட்டிக்கிருவாகளா?" என்று கேட்டதில் அது செல்லாமல் போய்விட்டது. கோயில் திறந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். ரெண்டு ஓலை முடிந்துவிட்டது. மாப்பிள்ளை இமானுவேலைக் குவைத் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுவிட்டது. மூணாம் ஓலை இன்றைக்கு முடிந்தால் புதன்கிழமை கல்யாணம், வாரக் கடைசியில் அவனுக்கு விமானம். இன்றைக்குக் கோயில் பூட்டப்பட்டால் அவன் தாலி கட்டாமலே பறந்துவிடுவான். திரும்பி வர ரெண்டு வருஷம். ஆரோக்கியம் ரெண்டு வருஷம் காத்திருக்கிற ஆளா? அந்தம்மா பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காது.

முதல் ரெண்டு ஓலைக்கும் பெண்ணின் அம்மா எழுந்து நின்றால் போதும். என் பெண்டாட்டி கித்தேரி நின்றாள். நான் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே பூவரச மரத்தடியில் நிம்மதியாக இருமிக்கொண்டே கேட்டேன். மூணாம் ஓலைக்குப் பெற்ற தகப்பன் நிற்கவேண்டும், வாசித்து முடிக்கிறவரைக்கும் நிற்கவேண்டும். இன்னொரு வழக்கமும் எங்கள் ஊரில் உண்டு. தடை இருக்கிறவன் வாயைத் திறந்து சொல்லமாட்டான். சொன்னால் சண்டை, போலீஸ் என்று நீளும். பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவான். அவ்வளவுதான், கல்யாணம் நின்றது என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஒருத்தியின் தாய்மாமன் இப்படி எழுந்து போனதில், பந்தலுக்குக் கொண்டுவந்த வாழைமரத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

காலையில் கித்தேரி சுக்குக் கஷாயம் கொடுத்தாள். சிநேகா பனங்கற்கண்டு கொடுத்தாள். மாஸ்க்குக்குள் கடைவாயில் ஒரு துண்டு அதிமதுரத்தை அடக்கிக்கொண்டேன். இவ்வளவு ஆயுதங்களோடு வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தொட்டேன். தொட்டியில் தீர்த்தம் இல்லை, சானிடைசர் பாட்டில் உட்கார்ந்திருந்தது. பழக்க தோஷம், அதையே அமுக்கி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். ஐஸும் சானிடைசரும் சேர்ந்து மண்டைக்குள் மார்கழி மாசம் வந்துவிட்டது. எனக்கு முன்னால் போன சிலர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் சிலுவை போட்ட கூட்டம்தான். பக்தியில் அழுகிறார்கள் என்று ஃபாதர் நினைத்திருப்பார்.

பூசை தொடங்கியபோதுதான் எனக்கு வினை புரிந்தது. பாட்டு கிடையாது. பாடினால் எச்சில் தெறிக்குமாம். முன்பெல்லாம் பாடகர் குழு கத்துகிற கத்தலில் நான் குடலே வெளியே வருகிற மாதிரி இருமினாலும் ஒருத்தனுக்கும் கேட்காது. இப்போது கோயில் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு கிழவர் வயிற்றுக்குள் பசி உருளுகிற சத்தம்கூடக் கேட்டது. வாசகம் வாசிக்கும்போதே தொண்டையில் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. ஃபாதர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தபோது, மணிச் சத்தத்துக்கு அடியில் ஒரு சின்ன இருமலைச் சொருகிவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார். உச்சிப்புளி நேவிக்காரர்களின் ஹெலிகாப்டர் தினமும் எங்கள் தலைக்கு மேலே பறந்து தூக்கத்தைக் கெடுக்கும். அன்றைக்கு அது ஒன்று வராதா என்று உருகி உருகிச் செபம் செய்தேன். அவனும் லீவு போட்டுவிட்டான்.

சமாதானம் சொல்கிற நேரத்தில் கை கொடுக்கக்கூடாது என்பதால் எல்லாரும் ஓட்டுக் கேட்க வந்தவர்கள் மாதிரி நாலா பக்கமும் கும்பிட்டார்கள். நன்மை அப்பம் வாங்கப் போகும்போது அதிமதுரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டு ஆண்டவரை வாங்க முடியுமா? போகாமல் உட்கார்ந்தால், சந்தியாகு என்ன பாவம் பண்ணினானோ என்று ஊர் ஆராய்ச்சி பண்ணும். வேறு வழியில்லாமல் விழுங்கினேன். அது நேராக உள்ளே போகாமல் தொண்டையிலேயே கொஞ்சம் தங்கிவிட்டது. நான் நன்மை வாங்கிக்கொண்டு வட்டத்துக்குத் திரும்புகையில் கண்ணில் நீர் முட்டியது. பெண்கள் பக்கத்திலிருந்து கித்தேரி என்னைப் பார்த்தாள். வீட்டில் அடுப்பில் பால் பொங்குகிறபோது பார்க்கிற பார்வை.

ஃபாதர் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு காகிதத்தை விரித்தார். நான் எழுந்து நின்றேன். "இந்தப் பங்கைச் சேர்ந்த சந்தியாகு, கித்தேரி அம்மாள் ஆகியோரின் மகள்…" என்று அவர் ஆரம்பித்தார். ஃபாதர் நல்ல மனுஷன்தான், ஆனால் வாசிப்பு மாட்டுவண்டி வேகம். மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு வருவதற்குள் என் நெஞ்சுக்குள் மோட்டார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மூச்சைப் பிடித்தேன். காது அடைத்தது. பல்லைக் கடித்தேன். "இத்திருமணத்திற்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள்…" என்று அவர் இழுத்தபோது, இனி ஒரு நொடி நின்றால் கோயிலுக்குப் பூட்டு என்று தெரிந்துவிட்டது. வேறு எதுவும் யோசிக்கவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வட்டங்களை எல்லாம் மிதித்துக்கொண்டு, தொபியாஸைத் தள்ளிவிட்டு, வெளியே மணலில் போய் விழுந்து இருமினேன். இருமினேன் பாருங்கள், அப்படி ஒரு இருமல். இத்தனை மாசம் அடக்கியது எல்லாம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது கோயில் சன்னல் எல்லாவற்றிலும் தலை. அப்போதுதான் நான் செய்த காரியம் என் மண்டையில் இறங்கியது. மூணாம் ஓலையில், தடை உண்டா என்று கேட்கிற நேரத்தில், பெண்ணைப் பெற்றவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வாசற்படியிலிருந்து ஆரோக்கியத்தின் குரல் முதலில் வந்தது. "பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா வீட்டுல வச்சே சொல்லிருக்கலாம்ல சம்பந்தி? ஊரக் கூட்டி வச்சு எங்க மூஞ்சில கரியப் பூசணுமா?"

"இல்ல சம்பந்தி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். கல்யாணம் இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு அந்தம்மா மகன் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டது.

சிநேகா படியிறங்கி வந்தாள். தொபியாஸ் "ஏ, தூரமா நில்லு" என்று கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. "அய்யா, அவுகளப் பிடிக்கலையா ஒங்களுக்கு? எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல" என்றாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓலை நின்றுபோனால் பிள்ளை இன்னும் ரெண்டு வருஷம் நம் வீட்டில் இருப்பாளே என்று அந்த நேரத்திலும் மனசு ஒரு மூலையில் ஆசைப்பட்டது. சனியன் பிடித்த மனசு. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை ஓங்கி ஒரு உதை விட்டேன்.

இருமவில்லை என்றால் தடை. இருமினேன் என்றால் பூட்டு. நான் சன்னல்களைப் பார்த்துக் கத்தினேன். "தடை இல்ல! இருமல்! எனக்கு இருமல்! மாப்பிள்ள தங்கமான பய! இருமலுக்குத்தான் ஓடியாந்தேன்!"

சன்னலில் இருந்த தலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் காணாமல் போயின. உள்ளே திமுதிமுவென்று சத்தம். எல்லாரும் எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்கள் என்று பிறகு கித்தேரி சொன்னாள். தொபியாஸ் வாசலில் நின்றான், கையில் கோயில் சாவிக்கொத்து. நான் அவனைப் பார்த்தேன். அவன் சிநேகாவைப் பார்த்தான். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். கொஞ்ச நேரம் சாவியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே திரும்பிச் சொன்னான். "கோயிலுக்குள்ள யாரும் இருமலையே. வெளிய எவனோ இருமுறான். அதுக்குக் கமிட்டி பொறுப்பில்ல."

"எவனோவா?" என்றேன்.

"பேசாம நில்லுங்க மச்சான். உள்ள வந்தீக, பூட்டிருவேன்."

ஆரோக்கியம் விடவில்லை. தகப்பன் நிற்காத ஓலை ஓலையா என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஃபாதர் காகிதத்தை எடுத்துக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கி நடந்து வாசற்படிக்கே வந்துவிட்டார். மைக் வயர் பாதி வழியில் நின்றுவிட்டதால் அதைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சனம் முழுக்க அவரவர் வட்டத்துக்குத் திரும்பி, பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து நின்றது. சுரூபமாய் நிற்கிற புனிதர்களைத் தவிர மற்ற எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"சந்தியாகு, அங்கனயே அசையாம நில்லுங்க. மறுபடி மொதல்ல இருந்து வாசிக்கிறேன்" என்றார் ஃபாதர்.

முதலிலிருந்தா? அய்யோ ஃபாதர்!

சூரியன் நேர் உச்சியில் நின்றது. செருப்பு வாசலில் கிடந்தது. வெறுங்காலுக்கு அடியில் மணல் வறுசட்டியாய்க் கொதித்தது. ஒரு காலை மாற்றி வைத்தால்கூடப் போகிறான், போகிறான் என்று ஆரோக்கியம் கையை நீட்டிவிடும். படியில் சிநேகா என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இமானுவேல், அம்மாவிடமிருந்து உருவிக்கொண்ட கையோடு. ஃபாதர் மாட்டுவண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். சந்தியாகு, கித்தேரி அம்மாள் ஆகியோரின் மகள். தொண்டையில் மறுபடியும் எறும்பு ஏறத் தொடங்கியது. நான் கைகளைக் கட்டிக்கொண்டேன். கால்விரல்களால் மணலைத் தோண்டித் தோண்டி ரெண்டு பாதங்களையும் உள்ளே இறக்கினேன். அவர் கேள்விக்கு வந்து சேர்ந்தபோது நான் கணுக்கால் வரைக்கும் புதைந்து, வாயை இறுக்க மூடி, மகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.