போன வழியை வைத்திருக்குமா?

"வண்டிக்கா, வள்ளத்துக்கா?" என்று தாஜுன்னிசா கேட்டார்.

கீழக்கரையில் அவர் வீட்டின் முன்னறைதான் கடை. துபாயிலிருந்து கணவர் அனுப்பும் சாமான்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. சென்ட், டார்ச், தைலம், கைக்கடிகாரம். மேல் தட்டில் மூன்று ஜிபிஎஸ்.

"வண்டிக்கு," என்றேன். "ஸ்கூட்டி. எங்க வீட்டுல ஓட்டுறாக."

அவர் பெரிய திரை வைத்ததை முதலில் எடுத்தார்.

"இது காருக்கு. பொம்பளைக் குரல்ல பேசும். துபாய் ரோடெல்லாம் மனப்பாடம். நம்ம ரோடு தெரியாது. மழை பட்டா அம்புட்டுதான்."

அடுத்தது சிறியது. கலர் திரை.

"பாக்க அழகு. வெயில்ல ஒண்ணும் தெரியாது. நம்ம ஊர்ல என்னைக்கு வெயில் இல்ல?"

மூன்றாவது மஞ்சள் நிறம். கைக்குள் அடங்கியது.

"இது வள்ளக்காரங்க வாங்குறது. தண்ணியில விழுந்தா மெதக்கும். ரெண்டு பேட்டரி போட்டா ரெண்டு நாள் ஓடும். பெரியபட்டினத்துல பாதி வள்ளத்துல இதுதான். ஹேண்டில்பார்ல மாட்ட கிளாம்பு தாரேன்."

"போன வழிய வச்சிருக்குமா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வச்சிருக்கும். மீன் கெடச்ச எடத்துக்குத் திரும்பிப் போகணும்ல."

"எங்கன நின்னுச்சுன்னு தெரியுமா?"

"நின்ன எடத்துல கோடு முடிச்சு விழுந்த மாதிரி கெடக்கும்." பிறகு கேட்டார். "வீட்டுல அவங்களுக்கு வழி தெரியாதா?"

"பதிமூணு வருசமா இதே ரோடுதான்."

"அப்ப எதுக்குத் தம்பி இது?"

நான் மஞ்சள் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"எல்லாரும் போற வழியக் காட்டுமான்னு கேப்பாங்க," என்றார் அவர். "எங்க வீட்டுக்காரர் தெனம் அஞ்சு மணிக்குப் போன் போடுவாரு. என்ட்ட செல்போன் இருக்கு. அதுல போட மாட்டாரு. வீட்டு லைன்லதான் போடுவாரு."

மஞ்சள் கருவியைத் துணியால் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"இதையே எடுத்துக்கங்க. நீங்க கேக்குறது இதுலதான் இருக்கு."

என் மனைவி முருகேஸ்வரிக்குக் காசநோய்த் திட்டத்தில் வேலை. திங்கள், புதன், வெள்ளி நோயாளிகள் இருக்கும் இடத்துக்கே மாத்திரை கொண்டு போவாள். அவள் கண் முன்னால் விழுங்க வேண்டும். மற்ற நாட்களில் சளிப் பரிசோதனைக்கு ஆள் சேர்ப்பாள். நோயாளிகளின் பேரை வீட்டில் சொல்ல மாட்டாள். சொல்லக் கூடாது என்பது விதி. நானும் கேட்டதில்லை.

எனக்கு மிளகாயும் நெல்லும். கண்மாய் பெருகினால் விவசாயம், இல்லாவிட்டால் வீடு. அந்த 2008ஆம் வருடம் நான் அதிகமும் வீட்டில்தான் இருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் டீக்கடையில் சோணைமுத்து சொன்னான். "ஏலே மூக்கா, ஒன் வீட்டம்மா வண்டிய காரங்காட்டு ரோடு பிரியுற விலக்குல பாத்தேன். பக்கத்துல ஒரு புல்லட்டு நின்னுச்சு. ரெண்டு வண்டியும் சோடியா நின்னா நல்லாத்தான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பக்கம் புல்லட் வைத்திருப்பவன் வீரபத்திரன். முருகேஸ்வரியின் அத்தை மகன். அவளைக் கட்ட உரிமை இருந்தவன். இரண்டு வீட்டுக்கும் ஒரு வரப்புத் தகராறு வந்ததால் அவள் எனக்கு வந்தாள். அந்த வரப்பு இல்லை என்றால் நான் இல்லை. இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அவள் அவனை மச்சான் என்பாள். முறை அதுதான். என்னை அவள் 'ஏங்க' என்று கூப்பிடுவாள். பதிமூன்று வருடமாக அந்த இரண்டு சொற்களையும் நான் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கருவியைக் கொடுத்தபோது அவள் சிரித்தாள்.

"எதுக்குங்க இது?"

"மழைக்காலம் வருது. கம்மாக்கரை ரோடு முங்கிட்டா வழி தெரியாது."

"இங்கன இருக்கிறதே ரெண்டு ரோடு. ஒண்ணு போற ரோடு, ஒண்ணு வார ரோடு."

ஆனாலும் மாட்டிக்கொண்டாள். திரைக்கு மேல் பிளாஸ்டிக் உறை கட்டினாள். இரண்டு நாள் கழித்து, அவளுடன் வேலை பார்க்கும் பஞ்சம்மாள் என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு, "எம் புருசன் எனக்கு ஒரு ரெயின்கோட்டு வாங்கித் தந்ததில்ல. நீங்க கப்பல்ல வைக்கிறதக் கொண்டாந்து குடுத்திருக்கீக," என்றாள். முருகேஸ்வரி அதை எல்லோரிடமும் காட்டுகிறாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனதும் வண்டியருகே போவேன். கருவியை ஆன் செய்வேன். அது கடலுக்கான கருவி. கடல் முழுக்க ஆழத்தைக் குறிக்கும் எண்கள் இருந்தன. கரை வெறுமையாக இருந்தது. ஊர் இல்லை, ரோடு இல்லை. அந்த வெறுமையில் அவள் போன கோடு மட்டும் கறுப்பு நூல் போலக் கிடந்தது. பார்த்துவிட்டு அழித்துவிடுவேன்.

செவ்வாய், வியாழன், சனி கோடு கரையைத் தொடவில்லை. திங்கள், புதன், வெள்ளி எங்கெங்கோ சின்னச் சின்ன முடிச்சுகள் விழுந்தன. கடைசியில் கோடு கிழக்கே திரும்பி, எண்கள் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே ஒரு பெரிய முடிச்சு. மூன்று நாளும் அதே இடம்.

வெள்ளிக்கிழமைக் கோட்டை நான் அழிக்கவில்லை. சனிக்கிழமை அதைப் பலமுறை பார்த்தேன். அங்கே இருப்பவன் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸில் தாய் வீட்டுக்குப் போனாள். கருவியைக் கழற்றி என் ஸ்ப்ளெண்டரில் கட்டினேன். திரையில் ஓர் அம்பு வந்தது. அது நான். அம்பு கோட்டின் மேலேயே போகும்படி ஓட்டினேன். அவள் திரும்பிய இடத்தில் திரும்பினேன். அவள் நின்ற முடிச்சுகளில் நின்றேன். ஒன்று குடிசை வாசல். ஒன்று ஐஸ் கம்பெனி. நான் தேடியது அவை இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டியதும் தார் முடிந்தது. கருவேலங்காட்டுக்குள் இரண்டு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. நான் இடது தடத்தில் போனேன். அலையாத்தி மரங்கள் வந்தன, பிறகு சேறு. சக்கரம் புதைந்தது. அம்பு கோட்டை விட்டு வெகுதூரம் விலகியிருந்தது. வண்டியை இழுத்துத் திருப்பி, வந்த வழியே போய் வலது தடத்தைப் பிடித்தேன்.

முடிச்சில் ஓர் இறால் பண்ணை இருந்தது. குட்டைகள், மோட்டார் செட், தார்பாய் மூடிய புல்லட்.

வீரபத்திரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனை நான் பார்த்து ஒரு வருடம் இருக்கும். முதலில் வேறு ஆள் என்று நினைத்தேன். கழுத்து எலும்பு தெரிந்தது. வாயில் துண்டு கட்டியிருந்தான். தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினான்.

"அங்கனயே நில்லுங்க தம்பி. காத்து உங்க பக்கம் அடிக்குது."

முறைக்கு அவன் எனக்கு அண்ணன்.

சுவரோரம் ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர். எனக்குப் புரிந்துவிட்டது. காசநோய் குடிசையில் இருப்பவனுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். முருகேஸ்வரி எத்தனையோ முறை அப்படி இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

நிம்மதி வரும் என்று காத்து நின்றேன். வரவில்லை.

அவன் என் வண்டியைப் பார்த்தான். ஹேண்டில்பாரில் மஞ்சள் கருவி.

"ஈஸ்வரி சொல்லிருச்சா?" என்று கேட்டான்.

இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதமாக அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஒன்று எனக்குத் தெரியாது என்று, அவனிடம், என் வாயால் சொல்ல வேண்டும்.

"சொன்னா," என்றேன். "எங்கிட்ட எல்லாம் சொல்லிருவா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம் பொண்டாட்டிக்கே தெரியாது. எறாலு நோவு, தண்ணி மாத்தணும், இங்கனயே கெடக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். கடைசித் தங்கச்சியப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காக. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு ஈஸ்வரி சொல்லுச்சு." இருமல் வந்தது. முடிந்த பிறகு, "சரி. புருசன்ட்டச் சொல்லாம எப்பிடி," என்றான்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேண்ணே."

"அதுவும் இப்பிடித்தான் சொல்லுச்சு."

வீடு திரும்பும்போது மனம் லேசாகத்தான் இருந்தது. அவளிடம் அவன் வைத்திருந்த நம்பிக்கையை உடைத்துவிட்டேன் என்று தெரிந்தது. அதனால்தான் லேசாக இருந்தது. கருவியை மறுபடி ஸ்கூட்டியில் மாட்டினேன். கோட்டை அழிக்க மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரவில்லை. நான் வாசலுக்குப் போனேன்.

"ஒருத்தரு இன்னைக்கு மாத்திரை சாப்பிடல," என்றாள். "கேட்டப் பூட்டிக்கிட்டாரு. இனிமே வராதன்னுட்டாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் உங்கள்ட்டச் சொன்னேனா?"

"என்ன சொல்ற?"

அவள் கருவியைக் கழற்றினாள். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். அவள் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போயிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் அது பிரிந்து, இடது பக்கம் போய், ஒரு முடிச்சுப் போட்டு, திரும்பி வந்து சேர்ந்தது.

"இந்தச் சகதிக்குள்ள நான் போனதில்ல," என்றாள். "இது யாரு?"

"உனக்கு இது பாக்கத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். காரங்காட்டுல படகுக்காரரு ஒருத்தரு சொல்லிக் குடுத்தாரு. போன வழியெல்லாம் வச்சிருக்கும்மான்னாரு. தெனமும் சாயங்காலம் அது வெறுசாக் கெடந்துச்சு. யாரு அழிக்கிறான்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா மாட்டிட்டுப் போன?"

"நீங்க கேப்பீகன்னு பாத்தேன். கேட்டிருந்தா நோயாளின்னு சொல்லியிருப்பேன். பேரச் சொல்லியிருக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "ஊர்ல எல்லார்ட்டயும் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்ததுன்னு."

"அவன் கூட என்னன்னு எனக்கு..."

"மாத்திரைய நடுவுல விட்டா அந்த மாத்திரை அப்புறம் கேக்காது. செத்துப்போவாரு. புதன்கெழம நீங்க வாரீக. நான் சொல்லலன்னு நீங்களே சொல்லுங்க."

புதன்கிழமை அவள் கருவியை ஜன்னலில் வைத்துவிட்டாள். அணைக்கவில்லை. ஸ்கூட்டியை அவள் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வலது தடத்தில் அவள் வேகம் குறைக்காமல் திரும்பினாள்.

கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வீரபத்திரன் எழுந்து வந்தான். ஆனால் பூட்டைத் திறக்கவில்லை.

"அவ சொல்லலண்ணே. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"பெறகு எப்பிடி வந்தீக?"

"அவ வண்டியில ஒரு ஜிபிஎஸ்ஸ மாட்டி விட்டேன். அதப் பாத்து வந்தேன்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு துண்டுக்குள் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்காகவா தம்பி? இந்த ஒடம்புக்காகவா?"

அவன் பூட்டைத் திறந்தான்.

முருகேஸ்வரி பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். ஏழு மாத்திரைகள். ஒவ்வொன்றாக விழுங்கினான். அவள் எதிரில் நின்று அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்று இறங்கும்போதும் அவள் தலை கொஞ்சம் அசைந்தது. ஏழாவது பெரிய மாத்திரை. அது சிக்கியது.

"மெதுவா மச்சான்," என்றாள்.

நான் குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதச் சிகிச்சையில் ஒரு மாதம்தான் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே போனாள். நான் ஜன்னலுக்குப் போனேன். நாங்கள் போய்வந்த வழி அதில் இல்லை. திரையின் நடுவில், எங்கள் வீடு இருக்கும் இடத்தில், சின்னச் சின்னக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிறுக்கலாகக் கிடந்தன. அசையாமல் ஓரிடத்தில் வைத்தாலும் அது அப்படித்தான் கிறுக்கும் என்று தாஜுன்னிசா பிறகு சொன்னார்.