வெள்ளரிக்காய்ச் செதில்

அந்த மழலையர் பள்ளியில் அது கடல் வாரம். வாழைப்பழத்தின் கீழ்ப்பாதியை எட்டாகக் கீறி விரித்தால் ஆக்டோபஸ். பாதி ஆப்பிளைக் கவிழ்த்துப் பக்கத்துக்கு நாலு துண்டு செருகினால் நண்டு. மீன் வடிவில் வெட்டிய ரொட்டியின் மேல் வெள்ளரிக்காய் வில்லைகளை அடுக்கினால் செதிலோடு மீன். சொல்வதற்கென்ன, சுலபம்தான். டீச்சர் செய்த முதல் ஆக்டோபஸுக்கு ஆறு கால்தான் தேறியது. "ரெண்டு காலை வீட்லயே மறந்து வெச்சிட்டு வந்துடுச்சு" என்று சமாளித்தாள். பிள்ளைகள் அப்படியே நம்பினார்கள். நாலு வயதில் டீச்சர் சொல்வதுதான் சட்டம்.

உண்மையில் கடல் வாரம் என்று ஒன்று அவர்கள் பாடத்திட்டத்திலேயே கிடையாது. ஒரு பையனுக்காக அவளாக இட்டுக்கட்டியது. சட்டையின் மேல் பட்டனை எந்நேரமும் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பதால் அவனுக்குப் பட்டன் என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து சாப்பாட்டைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வான். பட்டனுக்கும் காலையில் ஒரு வாய்ப் பாலுக்கும் மட்டும்தான் அந்த வாய் திறந்தது.

அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். திங்கட்கிழமை காலையில் கிரீஸ் கறை படிந்த சட்டையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் அரைக் கிலோ குறைஞ்சா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா டியூப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார் டீச்சர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடை பார்க்கணும். நீங்க சொன்னா கேப்பான். ஏதாவது பண்ணுங்க."

"அம்மாவைப் பத்தி அவன்கிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"தூரமா போயிருக்காங்கன்னு. அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

டீச்சருக்கு அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அவள் மட்டும் என்ன உண்மை விளம்பியா? எட்டு வருடமாகக் கதை சொல்லித்தான் சோறு ஊட்டி வருகிறாள். வாய்க்குள் விமானம் இறக்கியிருக்கிறாள், ரயில் விட்டிருக்கிறாள், ஜன்னலுக்கு வெளியே இல்லாத பூனையைக் காட்டியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மற்ற பிள்ளைகள் ஆக்டோபஸை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தபோது, பட்டன் தன்னுடையதைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், இதோட அம்மா எங்க?"

இருபது பிள்ளைகள், பதினாறு பேர் மேலே வாழைப்பழம், ஒருத்தி மூக்கில் உலர்ந்த திராட்சை. யோசிக்க எங்கே நேரம்? டீச்சரின் வாய் முந்திக்கொண்டது.

"அவங்க அம்மா உன் வயித்துக்குள்ள இருக்காங்கடா. காலையில நீ குடிச்ச பாலோட உள்ள போயிட்டாங்க. பாவம், பிள்ளை வரலையேன்னு காத்துக்கிட்டிருக்காங்க. நீ சாப்பிட்டேன்னா இது நேரா அம்மாகிட்ட போயிடும்."

"நிஜமா?"

"நிஜமா."

அவன் ஆக்டோபஸை முகத்தருகே தூக்கினான். "போ, அம்மா இருக்காங்க" என்று அதன் காதில் சொல்வதுபோல் சொன்னான். பிறகு வாயைத் திறந்தான். முழுப் பழமும் போயிற்று. இன்னொன்று கேட்டான்.

புதன்கிழமை நண்டும் வியாழக்கிழமை மீனும் அதே வழியில் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை, விட்டுப்போகாமல், "போ, அம்மா இருக்காங்க." பள்ளி ஆயா மூக்கின் மேல் விரல் வைத்தாள். "நீ மாயக்காரிதான் போ" என்றாள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெருமைப்பட்டாள், அதை மறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மகனைக் கொண்டுவந்து விட்ட அப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"வீட்லயும் ரொட்டியை மீனாட்டம் வெட்டச் சொல்லி ரெண்டு சாப்பிட்டான் டீச்சர். அப்புறம் ஒரு கூத்து. என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சு உள்ள பார்க்கறான். இன்னும் பெருசா, இன்னும் பெருசாங்கறான். எனக்குச் சிரிப்பு தாங்கல. எங்க வீட்ல சிரிச்சு எத்தனை நாளாச்சு!"

டீச்சரும் சிரித்தாள்.

மதியம் அவள் கத்தியைக் கழுவிவிட்டு வகுப்புக்குள் வந்தபோது சத்தமே இல்லை. இருபது பிள்ளைகள் இருக்கும் அறையில் சத்தம் இல்லையென்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். நடுவில், கடலுக்காக விரித்திருந்த நீலத் துணியில், பட்டன் மல்லாந்து படுத்திருந்தான். கால்கள் சேர்ந்திருந்தன, கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கழுத்திலிருந்து இடுப்பு வரை சட்டையின் மேல் வெள்ளரிக்காய் வில்லைகள், வரிசை வரிசையாக.

"அடேங்கப்பா, எவ்ளோ பெரிய மீன்!" என்றாள் டீச்சர்.

அவன் சிரிக்கவில்லை. கண்ணை மூடியபடியே சொன்னான்.

"நான் ரெடி டீச்சர். என்னை யாரு சாப்பிடுவாங்க?"

"உன்னை எதுக்குடா சாப்பிடணும்?"

"அம்மாகிட்ட போகணும். அப்பா வாய் பத்தாது. நான் பார்த்துட்டேன்."

 டீச்சர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆயா ஒன்றும் கேட்காமல் மற்ற பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. திமிங்கலம் திங்கட்கிழமைதான் வரும், அதுவரைக்கும் நல்லா சாப்பிட்டு வெயிட் பண்ணு. சொன்னால் சாப்பிடுவான். சாயங்காலம் எடையும் ஏறியிருக்கும். உண்மையைச் சொன்னால் அந்த வாய் மறுபடி திறக்குமா என்று யாருக்குத் தெரியும்? அவள் தன் கெட்டிக்காரத்தனத்தை மனதாரச் சபித்தாள்.

"கண்ணா, டீச்சர் பொய் சொல்லிட்டேன். வயித்துக்குள்ள யாரோட அம்மாவும் இல்ல. சாப்பிட்டா யாரும் அம்மாகிட்ட போக முடியாது."

அவன் கண்ணைத் திறந்தான். "அப்போ எங்கம்மா எங்க?"

அதற்குப் பதில் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. அப்பாவுக்கு போன் செய்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "உடனே வரேன்" என்றார் அவர்.

அவர் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அதுவரை பட்டன் ஒரு வில்லையைக்கூட எடுக்கவிடவில்லை. அப்பா கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவன் பக்கத்தில் மண்டியிட்டார். மூன்று மாதமாக வராத வாய் அன்று வந்தது.

"அம்மா செத்துப்போயிட்டாங்கடா தங்கம். தூரமா எங்கேயும் போகல. இனிமே வர மாட்டாங்க. நாமளும் போய்ப் பார்க்க முடியாது. அப்பா உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

சொல்லிவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பட்டன் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினான்.

"அப்போ நான் சாப்பிட்ட மீன், நண்டு எல்லாம்? நான் அம்மா இருக்காங்கன்னு சொல்லித்தானே அனுப்பினேன்?"

டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுங்க உள்ள போய்த் தேடியிருக்கும்" என்றான். அப்போதுதான் அவன் உதடு பிதுங்கியது. அழுதுகொண்டே எழுந்து உட்கார்ந்தான். வில்லைகள் மடியில் சரிந்தன. காய்ந்து ஓரம் சுருண்டிருந்த ஒன்றை எடுத்து முகத்தருகே பிடித்தான்.

"போ" என்று அதனிடம் சொன்னான். "அம்மா இல்ல. மத்தவங்க எல்லாம் இருக்காங்க."

பிறகு அதை வாயில் போட்டு மென்றான்.