எல்லாப் படகுகளுக்கும்

காசிமேட்டு விசைப்படகுச் சங்கத்தின் மாடியறையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பட்டியல் வானேறும். வஞ்சிரம், சங்கரா, கடம்பா என்று மீன்விலை, காற்றின் வேகம், அலையின் உயரம் யாவற்றையும் தரவுத்தளம் திரட்டிக் கொடுக்க, வானலைக் கோபுரம் கடல்மேல் பொழியும். கைப்பேசிச் சிக்னல் எட்டாத நடுக்கடலிலும் படகிலுள்ள சிறு பெட்டி அதை ஏந்திக் கைப்பேசியில் இறக்கிவைக்கும். பெட்டி வாங்கும், பேசாது. பேசுவதற்கு வயர்லெஸ் தனியே உண்டு. அதில் ஒருவர் இருமினாலும் கடல் முழுதும் கேட்கும்.

இந்தப் பட்டியலைச் சமைத்தவள் திருவொற்றியூர் நர்மதா. அன்று பிற்பகல் அவள் நெஞ்சு அவளிடம் இல்லை. ஆறு நாளுக்கு முன், கடலுக்குப் புறப்படுகையில் தீபன் கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

"என்னைக் கட்டிக்கிறியா? கரைகிட்ட சிக்னல் கெடைச்சதும் அம்மாவுக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள நீ ஒண்ணும் சொல்லலேன்னா, அவங்க பாத்துவெச்ச எண்ணூர்ப் பொண்ணுக்குச் சரின்னுடுவேன்."

அவள் பதில் இன்னும் கரையிலேயே கிடந்தது. இன்று படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. சிக்னல் எல்லைக்கு இன்னும் கால்மணிப் பயணம்.

"மைக்குதான் கீதே, சொல்லித் தொலையேம்மா," என்றார் வயர்லெஸ் பார்க்கும் நோயல்.

"கடலே கேக்கும்ண்ணா!"

நாரையையும் நண்டையும் தூதனுப்பிய நெய்தல் மகளிர்க்கு வாய்க்காத வசதி தன் விரல்நுனியில் இருப்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். தன் ஊர் அம்மன் வடிவுடையம்மையை நினைந்து, பட்டியலின் குறிப்புக் கட்டத்தில் தட்டினாள்: "எனக்குச் சம்மதம். கட்டிக்கிறேன்." அடுத்த கட்டம், படகின் பெயர். மகன் பெயரையே படகுக்கு வைத்திருந்தார் தீபனின் தந்தை. கணவன் பெயரைச் சொல்லக் கூசும் தன் அம்மாவை ஆயிரம் முறை கேலிசெய்தவள்தான் நர்மதா. இப்போது அந்தப் பெயரைத் தட்ட அவளுக்கே விரல் எழவில்லை. கட்டத்தை வெறுமையாய் விட்டு, கண்ணை மூடி அனுப்பினாள்.

பெயரில்லாத குறிப்பு எல்லாப் படகுகளுக்கும் போகும். புயலெச்சரிக்கைக்காக அவளே எழுதிய விதி அது; நாணத்தில் அதை மறந்திருந்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. "சங்கம், சங்கம்! ராசையா பேசுறேன். கடம்பா வெலைக்குக் கீழ 'கட்டிக்கிறேன்'னு வந்துகீது. அறுபத்திரெண்டு வயசு நைனா எனக்கு! குப்பம்மா பாத்தா வூட்ல சோறு கெடைக்காது. யாரு இது?"

"மாமு, எனக்கும் வந்துகீது! நான் ரெடி!" என்றது பிராங்கிளின் குரல்.

"ஒதுங்குடா, மொதல்ல வந்தது என் போட்டுக்கு!" என்றான் டில்லிபாபு.

நாற்பத்து மூன்று படகுகளும் ஒருமித்துச் சிரித்தன. நர்மதா மேசைக்கடியில் ஒளிய இடம் தேடினாள். அந்த ஆரவாரத்தினூடே ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"சங்கம்... தீபன் பேசுறேன். எல்லாருக்கும் வந்துகீதாமே. அது யாருக்குன்னு தெரியணும். ரெண்டு நிமிசத்துல சிக்னல் வந்துரும்."

அடுத்த பட்டியல் ஏற ஒன்பது நிமிடம் இருந்தது. நோயல் மைக்கை நீட்டினார். அவள் பற்றினாள்.

"உனக்குத்தான்!"

"உனக்குன்னா எனக்கா?" என்றார் ராசையா. கடல் மீண்டும் அதிர்ந்தது.

"பேரைச் சொல்லும்மா, கெழவன் நெசமாவே கெளம்பி வந்துறப் போறான்!" என்றார் நோயல்.

"தீபனுக்கு!" என்று கூவினாள் நர்மதா. ஒருமுறை சொன்ன நா பிறகு நிற்கவில்லை. "தீபனுக்கு, தீபனுக்கு, தீபனுக்குத்தான்! வேற யாரும் ஆசப்படாதீங்க!"

நாற்பத்து மூன்று ஊதுகுழல்களும் ஒருசேர முழங்கின. ஏலக்கூடத்தில் மீன்விலை கூவியவர்கள் வாய்மூடிக் கடலைப் பார்த்தார்கள்.

முழக்கம் அடங்குமுன் அவள் கைப்பேசி சிணுங்கியது. சிக்னல் எல்லையை அப்போதுதான் தொட்டிருந்த தீபன்.

"நர்மதா..."

"யோவ், எனக்கு ஏன்யா அடிக்கிற?" என்று சிரிப்பும் அழுகையுமாய்ச் சீறினாள். "மொதல்ல அத்தைக்குப் போன் போடு!"